இறுக்கிய கை கெடுத்த ஷாக் அப்சார்பர்: கண்டறிதலும் சரிசெய்தலும்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது, ஜோடியாக மாற்றிவிட வேண்டும் என்று உடனே முடிவு கட்டிவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறது. ஓடித் தேய்ந்த வண்டியில் அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அண்மையில்தான் கழற்றி மாட்டிய ஷாக் அப்சார்பரில் சில வாரங்களுக்குள் சத்தமோ எண்ணெய்க் கசிவோ வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை மாட்டிய போல்ட்டுகளையும் நட்டுகளையும்தான். அளவுக்கு மீறி இறுக்கிய ஒரு நட், பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த புதிய ஷாக் அப்சார்பரையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். காரணம் தெரியாமல் மறுபடியும் புதிது வாங்கி, அதே கையால் அதே அளவுக்கு இறுக்கினால், செலவு இரட்டிப்பாகுமே தவிரப் பழுது தீராது.

சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், பட்டறையில் நின்று வேலையைப் புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பழுது அடிக்கடி கண்ணில் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளியூரிலிருந்து திருமணத்துக்கோ கோயில் காரியத்துக்கோ வருபவர்கள், மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்த வண்டியை அவசரமாகப் பட்டறையில் விட்டு, மறுநாளே திரும்பக் கேட்கிறார்கள். அவசர வேலையில், காற்றழுத்தத்தால் நட்டைச் சுழற்றி இறுக்கும் ஏர் கன் ஓங்கிப் பேசும். அளவு பார்க்கும் கருவி பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும்.

எந்தப் பாகம் எப்படிக் கெடுகிறது

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை; எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் தொடர்ந்து குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. அதிலுள்ள சிறு வால்வுகள் வழியே எண்ணெய் சிரமப்பட்டுப் புகுந்து வெளியேறும்போது, குதிக்கும் ஆற்றல் வெப்பமாக மாறி ஒழிகிறது. பிஸ்டனோடு இணைந்த குரோம் பூசிய தண்டு மேலே வெளிவரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. எண்ணெயை உள்ளே நிறுத்துவது அந்த ஒரு சீல்தான். தண்டு நேராக ஓடும்வரை சீல் வாழும். தண்டு ஒரு பக்கமாக அழுந்தினால் சீல் தேயும்.

தண்டு நேராக ஓடுவதற்கு உதவுவதுதான் மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ். சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாக் அப்சார்பர் சற்றுச் சாய்ந்தாக வேண்டும். அந்தச் சாய்வை ரப்பர் ஏற்றுக்கொள்கிறது. மேல் நட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் ரப்பர் அப்பளம்போல் நசுங்கி வாஷருக்கு வெளியே பிதுங்குகிறது. அதற்குப்பின் ரப்பருக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. சாய்வின் பாரம் முழுவதும் தண்டின் மேல் விழுகிறது. இதனால்தான் மேல் நட்டில் நடந்த தவறு, கொஞ்ச நாள் கழித்துக் கீழே குழாயின் கழுத்தில் எண்ணெய்க் கசிவாக வெளிப்படுகிறது. கசிவைப் பார்ப்பவர்கள் ஷாக் அப்சார்பரின் தரத்தைக் குறை சொல்கிறார்கள். நட்டை யாரும் பார்ப்பதில்லை.

கீழ் முனையில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு வளையம், அதற்குள் ரப்பர், ரப்பருக்குள் ஸ்லீவ் எனப்படும் சிறு இரும்புக் குழல், ஸ்லீவுக்குள் போல்ட் என்று அமைந்திருக்கும். போல்ட்டை இறுக்கும்போது ஸ்லீவ், இரு காதுகள் கொண்ட தாங்கியான பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அசைவை ரப்பர் முறுக்கிக்கொண்டு ஏற்கும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, அளவு மீறி இறுக்கிப் பிராக்கெட்டின் காதுகளை உள்ளே வளைப்பது, ஸ்லீவை நசுக்குவது, அல்லது உடலோடு வெல்டிங் செய்த நட்டின் மரையை அறுப்பது. மற்றது, வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே இறுக்கி முடிப்பது. அப்படிச் செய்தால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலைக்குப் போய்விடும். அளவு சரியாக இருந்தாலும் நிலை தவறாக இருந்தால் புஷ் சீக்கிரம் கிழியும் என்பதைப் புதியவர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்சக்கரத்தில் இன்றைய பெரும்பாலான கார்களில் இருப்பது ஸ்ட்ரட் அமைப்பு; ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக இருக்கும். அதன் கீழ்ப்பகுதியை, சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளோடு பொதுவாக இரண்டு பெரிய போல்ட்டுகள் பிணைக்கும். அவற்றை அளவு மீறி இறுக்கினால் போல்ட் நீண்டுவிடும். நீண்ட போல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பிடிமானத்தை இழந்திருக்கும். சக்கரத்தின் சாய்வு மாறி, டயர் ஒரு பக்கம் தேயத் தொடங்கும்.

ஏர் கன் செய்யும் கேடு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். மேல் நட்டில் அதை வைத்து அழுத்தினால் நட்டோடு சேர்ந்து தண்டும் உள்ளே வேகமாகச் சுழலும். மேலும் கீழும் நகர்வதற்காகச் செய்த சீலும் பிஸ்டனும் அந்தச் சுழற்சியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சுழலாமல் நிறுத்துவதற்காகக் குரோம் தண்டையே கிரிப் ப்ளையரால் கடித்துப் பிடிப்பது இன்னும் மோசம். நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சிறு கீறல் போதும். தண்டு ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போதும் அந்தக் கீறல் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டே இருக்கும்.

'நல்லா டைட்டா' என்பதன் கணக்கு

"நல்லா டைட்டா வச்சிருக்கேண்ணே, இனி ஜென்மத்துக்கும் கழலாது" என்று பட்டறையில் சொல்லும்போது, சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் போல்ட்டின் வேலை அசையாமல் இருப்பது மட்டுமன்று. இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்க முயலும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. தன் எல்லையைத் தாண்டி நீண்ட போல்ட் சுருங்கத் தெரியாததாகிவிடும். அதற்குப்பின் அது பிடிப்பதுமில்லை, பல நேரங்களில் ஒடிந்தும் போகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ பலத்தில் இழுத்தால் கிடைக்கும் முறுக்கு விசை 7.5 கிலோவிசை-மீட்டர், அதாவது சுமார் 74 நியூட்டன் மீட்டர். அதே ஸ்பேனரில் குழாயைச் செருகி 90 செ.மீ. ஆக்கி அதே பலத்தில் இழுத்தால் சுமார் 220 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். கை உணர்வது அதே 25 கிலோவைத்தான். 8.8 என்ற தர எண்ணைத் தலையில் பொறித்த 12 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் வரை போதுமானது; அதிலேயே போல்ட்டுக்குள் மூன்று டன்னுக்கு மேல் இழுவிசை உண்டாகிவிடும். 220 என்பது அந்தப் போல்ட்டை நீட்டவோ ஒடிக்கவோ போதுமான அளவு. குழாய் போட்டு இறுக்கும் பழக்கத்தை நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக எதிர்க்கிறேன் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். கழற்றுவதற்குக் குழாய் போடலாம். மாட்டுவதற்குப் போடவே கூடாது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்விலேயே செலவாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைந்து, அதே அளவு முறுக்கு போல்ட்டை மிக அதிகமாக இழுத்துவிடும். ஆகவே எண்ணெய் தடவச் சொல்லிக் கையேட்டில் குறிப்பு இல்லாத இடத்தில் மரையைச் சுத்தமாகத் துடைத்து உலர்ந்த நிலையிலேயே பூட்ட வேண்டும்.

ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு வேறு. ரப்பர் புஷ் உள்ள மேல் நட்டுக்குரிய அளவு, நக்கிள் போல்ட்டின் அளவில் பாதிக்கும் மிகக் குறைவாக இருக்கக்கூடும். எனவே உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்து அந்தந்த எண்ணைத் தேடி எழுதிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். சில கையேடுகள் மேல் நட்டுக்கு முறுக்கு அளவுக்குப் பதிலாக, நட்டுக்கு மேலே மரை எத்தனை மில்லிமீட்டர் தெரிய வேண்டும் என்று கொடுத்திருக்கும். அதையும் அப்படியே பின்பற்றலாம்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சம தரையில் வண்டியை நிறுத்தி, முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசி இதில் ஒரு நல்ல உதவி செய்கிறது. நல்ல ஷாக் அப்சார்பரின் மேல் தூசி உலர்ந்து, விரலால் தட்டினால் உதிரும். கசியும் ஷாக் அப்சார்பரில் அதே தூசி எண்ணெயில் ஊறிச் செங்கல் நிறத்தில் கனத்த சேறாக ஒட்டியிருக்கும். சுரண்டினால் அடியில் ஈரம் மினுங்கும். கழுத்துப் பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்புதான். அது கீழ்நோக்கி வழிந்திருந்தால்தான் பழுது. ஐயமாக இருந்தால் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை ஒரு முறை போய்வந்து மறுபடி பாருங்கள்.

அடுத்து, மேல் நட்டின் கீழுள்ள ரப்பரைக் கவனியுங்கள். ரப்பரின் விளிம்பு வாஷரின் விளிம்போடு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். வாஷரைத் தாண்டிப் பிதுங்கி, ஓரத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அது அளவு மீறிய இறுக்கத்தின் அடையாளம். வாஷரே கிண்ணம்போல் வளைந்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. நட்டின் முனைகள் மழுங்கியிருப்பதும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரை மற்ற பக்கத்தைவிட வெகுவாக அதிகமாக இருப்பதும் அதே கதையைச் சொல்லும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, புதியவர்களுக்கு எந்தக் கருவியையும்விட அதிகமாகச் சொல்லித்தரும்.

வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையும் உண்டு. ஒரு முறை எழுந்து நின்றுவிட்டால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று பொருள். ஆனால் முழுவதும் செத்ததை மட்டுமே இது காட்டும். பாதி போனதைக் காட்டாது. அதைவிட நுட்பமான சோதனை, மேடுபள்ளமான கண்மாய்க்கரைச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, இரு பக்க ஷாக் அப்சார்பர்களின் குழாயையும் புறங்கையால் கவனமாகத் தொட்டுப் பார்ப்பது. வேலை செய்தது சூடாக இருக்கும். வேலை செய்யாதது தன் ஜோடியைவிடக் குளிர்ந்திருக்கும். மிகவும் சூடாகவும் இருக்கக்கூடும் என்பதால் அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தபின், வண்டியை ஓட்டலாமா என்ற கேள்வி வரும். புஷ் மட்டும் நசுங்கியிருந்தால் ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். ஒரு பக்கம் எண்ணெய் வழிந்து ஷாக் அப்சார்பர் செத்திருந்தால், திருச்சிக்கோ மதுரைக்கோ நெடுஞ்சாலையில் போகும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். திடீரென்று பிரேக் போடும்போது அந்தச் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். ஸ்ட்ரட்டின் மேல் தண்டு ஒடிந்திருந்தாலோ, நக்கிள் போல்ட் ஒன்று தளர்ந்து ஆடினாலோ, வண்டியை நகர்த்தவே கூடாது. இழுவை வண்டியை அழைப்பதுதான் ஒரே வழி.

வேலைக்கு இடமும் கருவியும்

நம் வீடுகளில் வேலை செய்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது தரையை. முகப்பிலோ கார் நிற்கும் கொட்டகையிலோ ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அதன்மேல் ஜாக்கியை வைக்க வேண்டாம். கையால் வார்த்த அந்தச் சிமென்டுக் கல், ஒரே புள்ளியில் இறங்கும் பாரத்தால் விரிசல் விடும். சிந்திய எண்ணெயைக் குடித்துக்கொண்டால் அந்தக் கறையும் எளிதில் போகாது. கெட்டியான கான்கிரீட் தரையே சிறந்தது. தெருவின் மண்தரைதான் வாய்ப்பு என்றால், தடித்த அகலமான பலகையை அடியில் போடாமல் ஜாக்கியையும் ஸ்டாண்டையும் நிறுத்தக் கூடாது.

வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நுழைக்க வேண்டாம். தூக்கியதும் உடலின் உரிய இடத்தில் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியை ஒரு முறை அசைத்துப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். செங்கல்லையும் கருங்கல்லையும் அடுக்கி நிறுத்துவது கூடவே கூடாது; பாரத்தில் செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

கருவிகளில் இன்றியமையாதது, எத்தனை நியூட்டன் மீட்டர் என்று எண்ணை வைத்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். அதை விலை கொடுத்து வாங்கத் தயங்குபவர்கள், தெரிந்த பட்டறையில் ஒரு நாளைக்கு வாங்கிப் பயன்படுத்தலாம். பிறகு, ஆறு முனை சாக்கெட்டுகள், மேல் தண்டின் நுனியைப் பிடிப்பதற்கான எல்-கீயோ சிறு ஸ்பேனரோ, துரு இளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, வெள்ளைப் பெயின்ட் அல்லது சாக்கட்டி. சர்வீஸ் கையேடு புதிதாகப் போடச் சொல்லும் நட்டுகளையும் போல்ட்டுகளையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டை ஒரு முறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது.

பின் ஷாக் அப்சார்பரை மாற்றும் முறை

புதியவர்கள் பின்சக்கரத்திலிருந்து தொடங்குவது நல்லது. பல சிறிய கார்களில் அங்கே ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருப்பதால் ஆபத்து குறைவு. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே கழற்றுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்துவிட்டால், அச்சு அளவுக்கு மீறிக் கீழே இறங்கி, ஸ்பிரிங் இடம்விட்டு நழுவக்கூடும். பிரேக் குழாயும் இழுபடும். கழற்றும் பக்கத்தில் அச்சுக்கு அடியில் ஒரு ஜாக்கியைத் தாங்கலாகக் கொடுத்து, ஷாக் அப்சார்பரின் மேல் இழுவிசை இல்லாத உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அளவு மீறி இறுகிய போல்ட்டைக் கழற்றுவதில் பொறுமை வேண்டும். முந்தின நாள் மாலையே மரையைத் தூரிகையால் துடைத்துத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வையுங்கள். தொண்டிக் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டிகளில் உப்புக் காற்றின் துரு கூடுதலாக இருக்கும். அவற்றுக்கு இரண்டு மூன்று முறை ஊற்றி ஊற விடலாம். கழற்றும்போது நட்டின் ஆறு முகத்திலும் படியும் சாக்கெட்டைப் பயன்படுத்தி, கைப்பிடியை உங்களை நோக்கி, ஒரே சீராக இழுங்கள். அசையவில்லையென்றால் மிகச் சிறிதளவு இறுக்கும் திசையில் அசைத்துவிட்டுப் பிறகு கழற்றும் திசைக்கு வாருங்கள், துரு உடையும். காஸ் விளக்கால் சூடாக்குவது பட்டறைகளில் நடக்கிற காரியம் என்றாலும், ஷாக் அப்சார்பருக்குப் பக்கத்தில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றின் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைத்திருக்கிறது. பக்கத்திலேயே ரப்பரும் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஓடுகின்றன.

கழற்றிய போல்ட்டைத் தூக்கி எறிந்துவிடாமல் சோதியுங்கள். புதிய போல்ட்டின் மரையோடு பழையதின் மரையைப் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால், நீளாத போல்ட்டில் பல்லோடு பல் கடைசிவரை படியும். நீண்டதில் ஓரிடத்தில் பற்கள் விலகி வெளிச்சம் தெரியும். நட்டைக் கையாலேயே திருகிப் பார்த்தாலும், நீண்ட இடம் வந்ததும் நின்றுவிடும். அப்படிப்பட்ட போல்ட்டை எக்காரணம் கொண்டும் திரும்பப் போடக் கூடாது. புதிது வாங்கும்போது விட்டமும் நீளமும் மட்டும் பார்த்தால் போதாது, தலையிலுள்ள 8.8 அல்லது 10.9 என்ற தர எண்ணும், மரையின் நெருக்கமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தண்டில் கீறலும் வளைவும் இல்லை, கசிவில்லை, கையால் அழுத்தினாலும் இழுத்தாலும் இடையில் விடுபடாத சீரான எதிர்ப்பு இருக்கிறது என்றால், ஷாக் அப்சார்பர் பிழைத்துக்கொண்டது. புஷ்ஷும் வாஷரும் நட்டும் மட்டும் மாற்றினால் போதும். கீழ் வளையத்தின் புஷ் தனியாகக் கிடைத்தால் லேத் பட்டறையில் அழுத்திப் போட்டுத் தருவார்கள். தண்டு பாதிக்கப்பட்டிருந்தாலோ, அழுத்தும்போது இடையில் வெற்றாக ஓடினாலோ, மேல் மரை அறுந்திருந்தாலோ, அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஒடிந்த தண்டை வெல்டிங் வைப்பதும், பெரிய நட்டைப் போட்டுச் சமாளிப்பதும் ஓட்டுபவரின் உயிரோடு விளையாடும் வேலை. மாற்றுவதென்றால் அதே அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போகும்.

உடலோடு வெல்டிங் செய்த நட்டின் மரை மேலோட்டமாகக் கெட்டிருந்தால் அதே அளவு டேப் என்னும் மரை வெட்டும் கருவியை விட்டுச் சுத்தம் செய்யலாம். முழுவதும் அறுந்திருந்தால் ஹெலிகாயில் எனப்படும் கம்பிச் சுருள் மரை போட்டுப் பழைய அளவையே திரும்பக் கொண்டுவரலாம். அதை அனுபவமுள்ளவர்தான் செய்ய வேண்டும். துளையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போடுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் ஸ்லீவின் துளை அதற்கு இடம் கொடுக்காது.

இரட்டைக் குழாய் வகைப் புதிய ஷாக் அப்சார்பரை மாட்டுவதற்கு முன், நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை மெதுவாக முழுவதும் அழுத்தி இழுத்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு மேலும் கீழும் பொருத்தி, நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, தளர்வாகவே விட்டுவிடுங்கள். மரை கையாலேயே சுலபமாக ஏற வேண்டும். முதல் சுற்றிலேயே ஸ்பேனர் தேவைப்பட்டால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள், பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள்.

மேல் நட்டைப் பூட்டும்போது தண்டின் நுனியை மட்டும் எல்-கீயால் பிடித்துக்கொண்டு, ரப்பரின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே திருகுங்கள். கீழ் போல்ட்டை இறுதியாக இறுக்குவதற்கு முன், வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். அடியில் கை நுழைய இடமில்லையென்றால், ஸ்டாண்டில் நிற்கும்போதே அச்சின் கீழ் ஜாக்கி கொடுத்து, சக்கரம் வழக்கமாக இருக்கும் உயரத்துக்கு அச்சைத் தூக்கிய பிறகு இறுக்கலாம். டார்க் ரெஞ்சில் எண்ணை வைத்து, மெதுவாக இழுத்து, 'கிளிக்' என்று ஒரு முறை கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு முறை உறுதிக்காக இழுக்கும் பழக்கம் அளவைத் தாண்டவைக்கும். முடித்த நட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு நட்டிலும் வாஷரிலும் சேர்ந்து ஓட வேண்டும்.

முன் ஸ்ட்ரட்டில் எதுவரை கை வைக்கலாம்

முன்பக்கத்தில் ஒரே ஓர் எச்சரிக்கையை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் நடுவில் ஒரு நட்டும், பல கார்களில் சுற்றிலும் இரண்டு மூன்று சிறு நட்டுகளும் தெரியும். நடுவிலுள்ள நட்டைத் தளர்த்தவே கூடாது. அழுத்திச் சுருங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்பிரசரைப் பூட்டாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்துப் பாயும், உயிர் போகும் அளவுக்கு. சுற்றிலுமுள்ள நட்டுகளையும் நக்கிள் போல்ட்டுகளையும் கழற்றித் தொகுப்பை முழுதாக வெளியே எடுப்பதுவரை, கவனமுள்ள புதியவர் செய்யலாம். அதைப் பிரித்து, தலையிலுள்ள ரப்பர் தாங்கியான மவுன்ட்டும் ஷாக் அப்சார்பரும் மாற்றும் வேலையைப் பெரிய கம்பிரசர் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அங்கே நடுநட்டை ஏர் கன்னில் இறுக்காமல் டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லி, முடியும்வரை பக்கத்தில் நின்று பாருங்கள். "அண்ணே, கையேட்டுல இந்த அளவு போட்டிருக்கு, இதுலயே வச்சிருங்க" என்று எண்ணைக் காட்டிக் கேட்டால், பெரும்பாலான மெக்கானிக்குகள் மறுப்பதில்லை.

தொகுப்பை எடுக்கும்போது நக்கிள் போல்ட்டுகள் இருந்த நிலையை வெள்ளைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டில் பூட்டியிருக்கும் பிரேக் குழாயையும் ஏபிஎஸ் கம்பியையும் அவற்றின் பிடிகளிலிருந்து முதலில் விடுவியுங்கள். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதன் பாரம் பிரேக் குழாயில் தொங்காமல் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். திரும்ப மாட்டியபின் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை நீண்ட தூரம் எடுத்துச் செல்லக் கூடாது.

மாட்டிய பின்

முதல் ஓட்டம் ஊருக்குள், மெதுவாக, வானொலியை அணைத்துவிட்டு இருக்கட்டும். 'டொக்' சத்தம் நின்றிருக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, போட்ட பெயின்ட் கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். விலகாத நட்டை மறுபடி இறுக்க வேண்டிய தேவையே இல்லை. விலகியிருந்தால் அதே எண்ணில் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்து, ஏன் தளர்ந்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் பழைய நட்டைத் திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது வாஷருக்கு அடியில் துருவோ பெயின்ட்டோ இருந்து நசுங்கியிருக்கும்.

மாதக்கணக்கில் ஊரில் நிற்கும் வண்டிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அசையாமல் நிற்கும்போது வெளியே தெரியும் குரோம் தண்டில் நுண்ணிய துருப்புள்ளிகள் விழுந்து, வண்டி ஓடத் தொடங்கியதும் அவை சீலை அறுக்கும். தண்டின் மேலுள்ள தூசி உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, மாதம் ஒரு முறையாவது வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வைக்கச் சொல்லுங்கள்.

வேலையைப் பட்டறையில் கொடுத்திருந்தால் பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நசுங்கிய புஷ், வளைந்த வாஷர், நீண்ட போல்ட் ஆகியவற்றைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். முன்பு மாட்டிய இடத்தில் தவறு நடந்திருந்தால், கோபமாகப் பேசுவதைவிட அந்தப் பாகத்தை மேசைமேல் வைத்துக் காட்டுவது பயன் தரும். பழைய ஷாக் அப்சார்பரை மட்டும் வீட்டில் வைத்து அறுக்கவோ துளையிடவோ நெருப்பில் போடவோ வேண்டாம். பழைய இரும்புக் கடையில் போடும்போதும் உள்ளே வாயு அழுத்தம் இருக்கிறது என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லியே கொடுங்கள்.